கண் முட்டாத வீடு: சின்ன வீட்டை விசாலமாகக் காட்டும் கணக்கு

புளியந்தீவு நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்னத் தீவு. கோட்டை, பள்ளிக்கூடங்கள், கோயில்கள், தேவாலயங்கள், கடைகள், வங்கிகள் என்று மட்டக்களப்பு நகரத்தின் பாதி அதற்குள் அடுக்கிக் கிடக்கிறது. ஆனாலும் பின்னேரம் காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்தால் நெரிசல் என்ற நினைப்பே வராது. அங்கிருந்து எழுந்து இரண்டு தெரு உள்ளே போய், மாடிக் கடைகளுக்கு நடுவில் நின்று பாருங்கள். மூச்சு முட்டும். தீவின் பரப்பு ஓர் அங்குலமும் குறையவில்லை. கண் போகும் தூரம்தான் குறைந்தது.

வீட்டு அறைக்கும் இதே கதைதான். "சின்ன அறை" என்று மனம் முடிவெடுப்பது அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்து இல்லை. வாசலில் நிற்கும்போது கண் எதில் போய் முட்டுகிறது, தரை எவ்வளவு தெரிகிறது, மூலைகள் வெளிச்சமா இருட்டா என்ற மூன்றையும் வைத்து, நாம் யோசிக்கும் முன்பே அது முடிவெடுத்துவிடுகிறது. இதற்கு நான் பார்வை ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிறேன். சின்ன வீட்டு அலங்காரம் பற்றி யார் என்ன சொன்னாலும், வெள்ளை அடி, கண்ணாடி மாட்டு, திரையை உயர்த்து என்று எது சொன்னாலும், எல்லாம் இந்த ஒன்றின் கிளைகள். இது பிடிபட்டுவிட்டால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

எங்கள் பக்கத்துச் சின்ன வீடுகளுக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று சுனாமி. 2004க்குப் பிறகு கரையோரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை 500 சதுர அடி அளவில்தான் இருக்கும்: ஒரு ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் கொஞ்சம் விறாந்தை. மற்றது சீதனம். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும், தமிழரோ முஸ்லிம்களோ, பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். கையில் இருக்கும் காசுக்குத் தக்க அளவில் வீடு கட்டுவார்கள். தளபாடம் மட்டும் ஊர் பார்க்கும் அளவில் வாங்குவார்கள். பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

கல்லடிப் பக்கம் என் தங்கச்சி வீட்டு ஹோலை எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி. அதற்குள் என்ன இருந்தது என்று ஒருநாள் நாடா பிடித்து அளந்தேன். மூவர் உட்காரும் சோபா 19.5 சதுர அடி. தனிச் சோபா இரண்டும் சேர்த்து 18. நடு மேசை 8. கண்ணாடி ஷோகேஸ் 7.5. டிவி மேசை 7.5. சாப்பாட்டு மேசை 10, அதன் நாலு கதிரைகள் 9. குசினியில் இடமில்லை என்று ஹோலுக்கு வந்த ஃபிரிட்ஜ் 4. மொத்தம் 83.5. ஆக, ஆட்கள் நடக்க மிஞ்சியது சுமார் 36 சதுர அடி. அதுவும் ஒரே துண்டாக இல்லை. மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு கோடு, ஃபிரிட்ஜ் கதவு திறக்க ஒரு மூலை, இப்படிச் சிதறிய துண்டுகள்.

"வீடு காணாது அக்கா, ஒரு அறை கூட்டிக் கட்டணும்" என்பதுதான் தங்கச்சியின் கதை. சீமெந்து விற்கிற விலையில் அறை கூட்டுவது சும்மா வேலையா? முதலில் சாமானை எண்ணு என்றேன்.

சின்ன வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தளபாடம் தரையில் பாதிக்கு மேல் பிடித்தால், சுவருக்கு எந்த வர்ணம் அடித்தும் பலன் இல்லை. பாதிக்குக் கீழே, முடிந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவந்தால் அறை தானாகவே மூச்சு விடும். சட்டமெல்லாம் இல்லை, நாலைந்து வீடுகளில் அளந்து பார்த்த அனுபவம்.

நடைபாதைக்கும் ஓர் அளவு உண்டு. ஒருவர் கையில் தேத்தண்ணித் தட்டோடு இடிபடாமல் நடக்க இரண்டரை அடி, தாராளமாக வேண்டுமென்றால் மூன்று அடி. சோபாவுக்கும் அதன் முன்னால் இருக்கும் மேசைக்கும் நடுவில் ஒன்றரை அடி போதும். சாப்பாட்டுக் கதிரையை இழுத்து உட்கார மேசை விளிம்பிலிருந்து மூன்று அடி. இந்த அளவுகள் கிடைக்காத இடத்தில் உடம்பைச் சரித்துச் சரித்து நடக்கிறோம். நாளுக்கு நாற்பது தரம் சரிந்து நடக்கும் வீட்டை மனம் பெரிய வீடு என்று எப்படி ஒத்துக்கொள்ளும்?

சரி, கண் எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? முன்வாசல் நிலையில் நில்லுங்கள். கைத்தொலைபேசியில் நேராக ஒரு படம் எடுங்கள். வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் எதுவும் தெரியாது, பழகிப்போயிருக்கும். படத்தில் பார்த்தால் அந்நியர் வீடு மாதிரித் தெரியும். தங்கச்சி வீட்டுப் படத்தில் முதலில் தெரிந்தது சோபாவின் முதுகு. வாசலுக்கு நாலு அடியில், இடுப்பு உயரத்தில், மண்ணிறத்தில் ஒரு சுவர். அதற்குப் பின்னால் ஷோகேஸ். பின்கதவு இருப்பதே படத்தில் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் மறைத்துக்கொண்டு நின்றது.

பழைய ஆட்கள் முன்கதவையும் பின்கதவையும் நேராக வைத்தார்கள். அதற்குச் சாத்திரக் காரணம் ஆயிரம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் காற்று. முன்னால் நுழைகிற கடற்காற்று நேரே பின்னால் போனால்தான் வெயில் காலத்தில் வீட்டில் இருக்க முடியும். அந்த வழியே பார்வையும் ஓடும். நிலையில் நின்றால் ஹோல், குசினி, பின்வளவு, கிணற்றடி, வேலி வரை முப்பது நாற்பது அடி கண் போகும். 12 அடி ஹோலுக்கு முப்பது அடி ஆழம் இனாமாகக் கிடைக்கிறது. அந்தக் கோட்டில் ஒரு ஃபிரிட்ஜை வைத்து அடைத்தால் காற்றும் போச்சு, பார்வையும் போச்சு. ஆகவே முதல் வேலை அந்த நேர்கோட்டை மீட்பது. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருப்பதை எல்லாம் எடுங்கள், அல்லது இடுப்புக்குக் கீழே இருப்பதை மட்டும் விடுங்கள். உங்கள் வீட்டில் கதவுகள் நேராக இல்லாவிட்டால், வாசலிலிருந்து மிக நீளமாகத் தெரியும் கோடு எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் குறுக்குக்கோடாக இருக்கும். 12க்கு 10 அறையில் நேர்ச்சுவர் 12 அடி, குறுக்குக்கோடு 15 அடிக்கு மேல். அந்த எதிர் மூலையை வெறுமையாக, வெளிச்சமாக வைத்தால் கண் நீளமான பாதையில் போகும்.

சீதனச் சாமானை நகர்த்துவது வர்ணம் அடிப்பது போல இலகுவான காரியம் இல்லை. ஷோகேஸைப் பின்வளவில் அம்மா இருக்கும் சின்ன வீட்டுக்கு மாற்றலாம் என்றதும் அம்மா முகம் கறுத்துவிட்டது. "சீதனமாக் குடுத்த சாமானை வெளிய எடுத்தா ஊர் என்ன சொல்லும் புள்ள?" நியாயமான கேள்விதான். அதற்குள் இருந்தது என்ன? பிள்ளைகளின் கேடயங்கள், கலியாணத்துக்கு வந்த கோப்பை செட்டுகள், கண்ணாடி அன்னம் இரண்டு, பிளாஸ்டிக் பூ. கோப்பைகள் ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம்: ஷோகேஸ் அம்மா வீட்டுக்கு, அம்மாவின் பொறுப்பில். கோப்பைகள் குசினிக்கு, தினம் பாவிக்க. கேடயங்கள் ஹோலில் கதவுக்கு மேலே ஒரு நீளத் தட்டில். தனிச் சோபா ஒன்று அம்மாவுக்கு, மற்றது விறாந்தைக்கு. நடு மேசைக்குப் பதில் ஒரு சின்ன ஸ்டூல். ஃபிரிட்ஜ், குசினியில் அரிசி வாளியும் பழைய பெட்டிகளும் நின்ற மூலைக்கு. சாப்பாட்டு மேசையை விற்றுவிட்டு, சுவரில் பிணைச்சல் போட்ட மடக்குப் பலகை. சாப்பிடும்போது விரிக்கலாம், மற்ற நேரம் சுவரோடு படுத்துவிடும். அதன் கதிரைகளுக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி மூலையில் நிறுத்தும் பிளாஸ்டிக் கதிரைகள். ஹோலில் நிரந்தரமாக மிஞ்சியவை மூவர் சோபாவும் டிவி மேசையும் ஸ்டூலும் மட்டும். தரை 36 சதுர அடியிலிருந்து ஏறக்குறைய 90க்கு வந்தது. கல் ஒன்றும் வைக்கவில்லை, சீமெந்து ஒன்றும் குழைக்கவில்லை.

விருந்தாளி வந்தால்? பன் புல்லில் இழைத்த பாய் எதற்கு இருக்கிறது! சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினால் கையளவு இடம், விரித்தால் நாலு பேர் உட்காரலாம், இரவில் இரண்டு பேர் படுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் மடக்குக் கட்டில்கள் செய்யும் வேலையை எங்கள் பாய் எத்தனையோ காலமாகச் செய்து வருகிறது. முஸ்லிம் வீடுகளில் ஐந்து நேரமும் தொழுகை விரிப்பு விரித்து மடிக்கிறார்கள். ஒரு துண்டுத் தரையை நிரந்தரமாக அடைக்காமல் வேலைக்கு மட்டும் எடுத்துக்கொள்வது அந்த வீடுகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

புதிதாகத் தளபாடம் வாங்க நினைப்பவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று. என் வீட்டுக்கு நானே போய்ச் சோபா செட் வாங்கினேன். கடையில் அது அடக்கமாகத்தான் தெரிந்தது. கடை மண்டபம் பெரியது என்பதை யார் யோசித்தது? "எல்லா வீட்டுக்கும் போற செட்தான் இது" என்றார் விற்பனையாளர். லொறி வந்து நின்றது, கதவால் நுழையவில்லை. நிலைக்குள் இருந்த வெளி இரண்டு அடி ஒன்பது அங்குலம், சோபாவோ எப்படித் திருப்பினாலும் மூன்றடி. காலைக் கழற்றி, கதவைப் பிணைச்சலோடு கழற்றி, ஒருவழியாக உள்ளே வந்தது. வந்த பிறகு அறைக்கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. இரண்டு வருடம் அப்படியே ஒருக்களித்து நுழைந்தோம்.

அதற்குப் பிறகு நான் எதை வாங்குவதென்றாலும் முதலில் தரையில் வரைந்துவிடுவேன். சோக்குக்கட்டி போதும், கோலமாவும் நல்லது. கடையில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டு வந்து, அதே அளவில் தரையில் கட்டம் போட்டு, இரண்டு நாள் அந்தக் கட்டத்தை மிதிக்காமல் நடந்து பாருங்கள். கோட்டை மிதித்த இடமெல்லாம் நாளைக்கு முழங்கால் இடிபடும் இடம். உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு. பிள்ளைகள் அதை எட்டுக்கோடு விளையாட்டாக்கிவிடுவார்கள், பரவாயில்லை. தங்கச்சி வீட்டில் இரண்டாம் நாள் மத்தியானமே கட்டத்தின் ஒரு பக்கம் அழிந்துபோயிருந்தது. குசினிக்குப் போகும் வழி அது.

கட்டிலுக்கும் இதே சோதனை. பத்துக்குப் பத்து அறையில் ஆறுக்கு ஐந்து கட்டில் 30 சதுர அடி, அதாவது அறையின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பக்கத்தில் மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை என்று வந்தால் கதவு திறக்கும் வட்டத்தையும் கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது ஓர் ஆள் நிற்கும் இடம். கட்டிலை நடுவில் போட்டு இரு பக்கமும் வழி விடுவது பெரிய அறைக்காரர் பழக்கம். சின்ன அறையில் ஒரு பக்கத்தைச் சுவரோடு சேர்த்தால் துண்டு துண்டான இரண்டு சந்துக்குப் பதில் ஒரு முழுத் தரை கிடைக்கும்.

தளபாடத்துக்குக் கால் வேண்டும். ஆறேழு அங்குலக் காலில் நிற்கும் சோபாவுக்குக் கீழே தரை தொடர்ந்து ஓடுவது தெரியும். அதே அளவுச் சோபா தரையோடு அடைத்து உட்கார்ந்தால் பாறை விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் கீழே தெரிகிறதே என்று பழைய செருப்பும் உடைந்த விளையாட்டுச் சாமானும் அங்கே தள்ளினால் கால் வைத்ததன் பயன் இல்லை. படுக்கை அறையில் நான் இதை மாற்றிப் பிடிப்பேன். அங்கே கட்டிலின் கீழே பெட்டிகளை அடுக்கி, ஒரு விரிப்பால் மறைத்துவிடலாம். சாமான் எங்காவது இருக்கத்தானே வேண்டும். ஹோலில் தரையைக் காட்டு, அறையில் சாமானை ஒளித்து வை.

மேல்நோக்கிப் போவதும் ஒரு வழி. சுவர் பத்தடி உயரம் என்றால் நாம் பாவிப்பது ஆறடிதான். கதவு நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில், ஓரடி ஆழத்தில் சுவர் நெடுகத் தட்டு அடித்தால் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பொருட்கள் அங்கே போகும். பரண் என்று அந்தக் காலத்தில் வைத்திருந்தார்களே, அதேதான். சுவரோடு ஒட்டிய அலுமாரி என்றால் மட்டும் ஒரு கவனம்: மாரியில் எங்கள் சுவர்கள் ஈரம் குடிக்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைக்காவிட்டால் அலுமாரியின் முதுகு பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே இருக்கும் சீலையும் அதே வாசம்.

மாரி என்றதும் கொடி ஞாபகம் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் வெளியே உடுப்புக் காயாது. ஹோலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் சாறமும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் துவாயும் தொங்கும். கண் மட்டத்தில் ஒரு துணிச்சுவர். அந்த இரண்டு மாதமும் எல்லாரும் சிடுசிடுப்பாக இருப்பதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. கொடியைச் சுவர் ஓரமாக, முடிந்த அளவு உயரத்தில், நீளவாட்டில் கட்டுங்கள். பின்பக்கக் கூரையை மூன்றடி நீட்டித் தகரம் போட முடிந்தால் இன்னும் நல்லது. சின்ன வீட்டுக்கு நான் காசு செலவழிக்கச் சொல்லும் முதல் இடம் அதுதான், சோபா இல்லை.

இனி வெளிச்சமும் வர்ணமும். நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி எறியும். கடும் நீலம், கடும் சிவப்பு போன்றவை பத்துச் சதவீதம்கூடத் திருப்பித் தராது, விழுங்கிவிடும். வெளிச்சம் திரும்பி வராத சுவர் கிட்ட வந்து நிற்பது போலத் தெரியும். வெள்ளையைப் பிடிக்காதவர்கள் வெண்ணெய் நிறம், வெளிர் மஞ்சள், சாம்பல் கலந்த வெள்ளை எதையும் எடுக்கலாம். வர்ணத்தின் பெயரை விட அது எவ்வளவு வெளிர் என்பதுதான் முக்கியம். எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று: ஹோலுக்குப் பச்சை, அறைக்கு றோஸ், மற்ற அறைக்கு ஊதா. ஒவ்வொரு நிலையிலும் வர்ணம் மாறும்போது கண் "இங்கே ஒரு வீடு முடிந்தது, அங்கே இன்னொன்று" என்று கணக்கெடுக்கும். 500 சதுர அடி நாலு துண்டாகிவிடும். எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் ஓடினால் சுவர்கள் இருந்தும் ஒரு வீடாகத் தெரியும். பிள்ளைகளுக்கு ஊதா வேண்டுமா, கட்டில் விரிப்பில் கொடுங்கள்.

தரைக்கும் அப்படியே. கட்டம் கட்டமாக நிறம் மாறும் சின்ன டைல்ஸ் தரையை நறுக்கிக் காட்டும். இரண்டடிக்கு இரண்டடிப் பெரிய டைல்ஸில் பொருத்துக் கோடு குறைவு. ஆனால் பழைய வீடுகளில் இருக்கிறதே, பளபளவென்று தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை, அதில் கோடே கிடையாது. வாசலிலிருந்து குசினி வரை ஒரே வீச்சு. அதை உடைத்து டைல்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இரவு வெளிச்சத்தில் எல்லாரும் விடும் பிழை, கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் குமிழ். நடு பளிச்சென்றும் நாலு மூலையும் இருட்டாகவும் இருக்கும். மூலை தெரியாவிட்டால் கண்ணுக்கு அறை அங்கே முடிந்துவிட்டது. ஒரு பெரிய குமிழுக்குப் பதில் இரண்டு மூன்று சின்ன எல்இடி குமிழ்களைச் சுவர்ப் பக்கமாக, மூலைகளை நனைக்கும்படி வையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணையும் பாருங்கள்: 6500 கே என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை, 3000 கே என்றால் விளக்கேற்றிய மஞ்சள், 4000 கே இரண்டுக்கும் நடு. படிக்கிற இடத்துக்கும் குசினிக்கும் வெள்ளை, உட்கார்ந்து கதைக்கிற இடத்துக்கு மஞ்சள். ஒரே அறையில் இரண்டையும் கலந்தால் மட்டும் அலங்கோலமாக இருக்கும்.

யன்னல் திரையில் செலவில்லாத ஒரு தந்திரம் இருக்கிறது. திரைக்கம்பியை யன்னல் நிலையோடு ஒட்டி அடிக்காமல், ஆறு அங்குலம் மேலே, இரு பக்கமும் எட்டு அங்குலம் வெளியே நீட்டி அடியுங்கள். துணி விலகும்போது சுவர்மேல் போய் நிற்கும், யன்னல் முழுவதும் திறந்திருக்கும், பார்க்கிறவருக்கு யன்னலே பெரிது போலத் தெரியும். துணி மெல்லியதாக, தரை வரை நீண்டதாக இருக்கட்டும். மேற்குப் பக்க யன்னலுக்கு மட்டும் தடிப்பான துணி தேவை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர வெயிலை உள்ளே விட்டால் விசாலம் பார்க்க வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

கண்ணாடி பற்றிச் சுருக்கமாக: அது எதைக் காண்கிறதோ அதை இரண்டாக்கும். யன்னலுக்கு எதிரே அல்லது பக்கத்துச் சுவரில் மாட்டினால் வெளிச்சமும் தென்னையும் இரண்டாகும். கொடிக்கு எதிரே மாட்டினால் கொடி இரண்டாகும். மாட்டும் முன்பு ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் நீளக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், கீழே வழுக்காமல் ஒரு கட்டை கொடுத்து. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

இவ்வளவும் விசாலத்துக்கு. அழகுக்கு? அழகு என்றதும் பலரும் சாமான் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நான் முதலில் ஒரு சீலையைப் பார்க்கச் சொல்வேன். மருதமுனைக் கைத்தறிச் சீலை ஒன்றை விரித்துப் பாருங்கள். உடல் முழுவதும் ஒரு நிறம். கரையும் முந்தானையும் வேறு நிறம். நடுவில் எங்கோ ஒரு மெல்லிய இழை, மூன்றாவது நிறம். அதைப் பார்த்து யாரும் சாயம் போதாது என்று சொல்வதில்லை. வீட்டு அலங்காரக்காரர்கள் இதையே 60, 30, 10 என்று எண்ணில் சொல்வார்கள்: அறையில் பார்வைக்குப் படும் நிறத்தில் 60 பங்கு ஒன்று, 30 பங்கு இன்னொன்று, 10 பங்கு துள்ளலான மூன்றாவது. சுவரும் பெரிய துணிகளும் உடல். சோபா, மேசை, கதவு மரம் எல்லாம் கரை. தலையணை உறை, பூச்சாடி, ஒரு படம், அந்த மெல்லிய இழை. நாலாவது நிறம் ஒன்று ஆசையாகக் கையில் வந்தால், ஏற்கெனவே இருக்கும் மூன்றில் எதை வெளியே அனுப்பப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

தங்கச்சி வீட்டில் இந்த இழைக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. கரை கிழிந்த பழைய கைத்தறிச் சீலை ஒன்று பெட்டியில் கிடந்தது, கடும் மரகதப் பச்சை. அதில் தலையணை உறை நாலு, மடக்குப் பலகைக்கு ஒரு நீள விரிப்பு, மிச்சத்தில் சாமித் தட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. வெள்ளைச் சுவர், மர நிறச் சோபா, அங்கங்கே அந்தப் பச்சை. வந்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள்.

சுவரில் படம் மாட்டுவதும் அப்படித்தான். கலியாணப் படம், பட்டமளிப்புப் படம், நாட்காட்டி இரண்டு, கடிகாரம், ஆண்டவன் படம் என்று நாலு சுவரிலும் தனித்தனியாக ஆணி அடித்தால் கண்ணுக்கு நாலு பக்கமும் வேலை. எல்லாக் குடும்பப் படங்களையும் ஒரே சுவரில் நெருக்கமாக, நடு உயரம் கண் மட்டத்துக்கு வருமாறு, கூட்டமாக மாட்டுங்கள். மற்ற மூன்று சுவரும் சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கும் சுவரைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும், ஏதாவது மாட்டத் தோன்றும். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

குசினிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேசைமேல் நிற்பவை தினமும் கை படுபவையாக மட்டும் இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் பிட்டுக்குழலும் இடியப்ப உரலும் தட்டுக்குப் போகட்டும்.

தங்கச்சி வீட்டில் இது எல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அறை கூட்டிக் கட்டும் கதை இப்போதைக்கு ஓய்ந்திருக்கிறது. அம்மா தினமும் பின்னேரம் பின்வீட்டிலிருந்து வந்து முன்வாசல் நிலையில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பார். ஷோகேஸ் இருந்த இடத்தைப் பார்த்து முதல் கொஞ்ச நாள் பெருமூச்சு விட்டார். போன கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஹோலைத் தாண்டி, குசினியைத் தாண்டி, பின்கதவு வரை நேரே பார்த்துக்கொண்டு, உள்ளே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த தங்கச்சிக்குக் குரல் கொடுத்தார்:

"புள்ள, கோழி குசினிக்குள்ள போகுது!"